அண்டர்டேக்கரும் எங்க அப்பாவும்

செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வந்து பத்து நாள் ஆச்சு. எங்க ஊர் சித்தேரி. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், தர்மபுரி மாவட்டத்துல அரூர்ல இருந்து மலை ஏறி வரணும். இங்க வந்தா எனக்கு ரெண்டே வேலைதான். ஒண்ணு, குச்சிக்கிழங்கு வேக வைச்சதைச் சாப்பிடறது. இன்னொண்ணு, அம்மா சொல்ற எடுபிடி வேலை. போன வாரம் "பரண் மேல இருக்கிற சாமை மூட்டைய இறக்குடா"ன்னு அம்மா சொல்ல, ஏறினேன். மூட்டைக்குப் பின்னாடி ஒரு பிஸ்கட் டப்பா. திறந்து பார்த்தா, என் பழைய ரெஸ்லிங் கார்டுங்க!

மூட்டைய மறந்துட்டு பரண் மேலயே உட்கார்ந்துட்டேன். :-)

என் வயசுப் பசங்களுக்கு அந்தக் கார்டு விளையாட்டு பத்தி விளக்கமே வேண்டாம். மத்தவங்களுக்காக: ஒவ்வொரு கார்டுலயும் ஒரு மல்யுத்த வீரர் படம் இருக்கும். கீழே உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், எத்தனை சண்டை போட்டார், எத்தனை ஜெயிச்சார், ரேங்க் என்ன என்று வரிசையாகக் கட்டம் இருக்கும். நான் "உயரம்" என்று சொல்லி என் கார்டைப் போட வேண்டும். எதிராளி கார்டில் உயரம் கம்மியாக இருந்தால் அது எனக்கு. அவ்வளவுதான். கிரேட் காளி கார்டு கையில் வந்துவிட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு "உயரம்" என்று கத்தலாம். ஏழு அடிக்கு மேல் யார் இருக்கப் போகிறார்கள்? அந்த ஒரு கார்டுக்காக நான் பதினோரு கார்டைக் கொடுத்திருக்கிறேன். கூடவே ஒரு கொய்யாப்பழமும்.

சண்டையைப் பார்ப்பது பெரியப்பா வீட்டில். அரசாங்கம் கொடுத்த இலவச கலர் டிவி, அவர் வாங்கிய டிஷ். கரண்ட் இருக்கிற நாளில் ஊர்ப் பசங்க பாதிப் பேர் அங்கேதான். அண்டர்டேக்கரும் கேனும் சொந்த அண்ணன் தம்பி என்று நாங்கள் சத்தியமாக நம்பினோம். "கூடப் பொறந்தவனையே இப்படி அடிக்கிறானே, இவனுக்கெல்லாம் சோறு போட்டவ எவ?" என்று பாட்டி திட்டும். அண்டர்டேக்கர் பேர் மார்க் காலவே, கேன் பேர் க்ளென் ஜேக்கப்ஸ், ரெண்டு பேருக்கும் எந்த உறவும் இல்லை என்று பாட்டியிடம் சொல்ல அப்போது எங்களுக்கே தெரியாது. அந்த கேன் 2018-ல் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் நாக்ஸ் கவுண்டிக்கு மேயராகவே தேர்வானார். பாட்டி கேட்டிருந்தால் "ஓட்டுப் போட்டவன் எவன்?" என்றிருக்கும்.

காலேஜ் சேர்ந்த முதல் வருஷம் ஹாஸ்டலில் ஒருத்தன் சிரித்துக்கொண்டே சொன்னான், "டேய், அதெல்லாம் முன்னாடியே பேசி வைச்சுப் பண்றதுடா. யார் ஜெயிக்கணும்னு எழுதி வைச்சிருப்பாங்க." எனக்கு முகம் தொங்கிப் போச்சு. அன்றைக்கு ராத்திரி ஆரம்பித்த தேடல்தான் இந்தக் கட்டுரை. அவன் சொன்னது உண்மைதான். யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவானது. ஆனால் அவன் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கு. ஜெயிக்கிறதுதான் நாடகம், விழுறது நாடகம் இல்லை.

அந்த ரிங் எப்படி இருக்கும் தெரியுமா? இரும்புச் சட்டம், அதன் மேல் மரப் பலகை, பலகைக்கு மேல் கொஞ்சம் நுரை மெத்தை, அதைப் போர்த்திய கேன்வாஸ் துணி. தூரத்தில் பார்த்தால் மெத்தை மாதிரி தெரியும். விழுகிறவன் முதுகுக்கு அது பலகைதான். அதனால் ரெஸ்லிங் பள்ளியில் சேருகிறவனுக்கு முதல் பாடமே விழுவதுதான். தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழ வேண்டும். தலை தட்டக் கூடாது. இதை ஒரு நாள் செய்தால் வித்தை. வருஷத்தில் பாதிக்கு மேல் ஊர் ஊராகப் போய், இருபது வருஷம் செய்தால்? அந்தக் கணக்குக்கு கார்டில் கட்டம் இல்லை.

டப்பாவில் என் கார்டுகளோடு பெரியப்பா மகனுடைய பழைய செட்டும் கலந்து கிடந்தது. அவர் எனக்குப் பத்து வயசு மூத்தவர். அதில் எட்டி கெரேரோ இருந்தார். அவர் அப்பா கோரி கெரேரோ மல்யுத்த வீரர், அண்ணன்கள் மூணு பேரும் மல்யுத்த வீரர்கள். நம்ம ஊரில் தச்சு வேலை பரம்பரையாக வருவது போல. 2005 நவம்பர் 13, மினியாபொலிஸ் நகரத்தில் ஹோட்டல் அறையில் அவர் இறந்து கிடந்தார். பார்த்தது அவருடைய அண்ணன் மகன் சாவோ, அவரும் மல்யுத்த வீரர். வயசு 38. இதய நோய். போதைப் பழக்கத்தில் விழுந்து, எழுந்து, நாலு வருஷமாக அதை விட்டிருந்தவர். உடம்பு மட்டும் பழைய கணக்கை மறக்கவில்லை. அவர் இறந்த பிறகுதான், 2006-ல், அந்த நிறுவனம் வீரர்களுக்கு இதயப் பரிசோதனையும் போதைமருந்துப் பரிசோதனையும் கொண்டுவந்தது.

அடுத்த கார்டு கிறிஸ் பென்வா. இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குது. 2007 ஜூன் மாதம் அவர் தன் மனைவி நான்சியையும் ஏழு வயசு மகன் டேனியலையும் கொன்றுவிட்டுத் தானும் உயிரை விட்டார். பிறகு அவருடைய மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள், எண்பத்தஞ்சு வயசு அல்சைமர் நோயாளியின் மூளை போல அது சேதப்பட்டிருந்தது என்றார்கள். அப்போது அவருக்கு வயசு 40. அந்த ஆராய்ச்சிக்கு முன்கை எடுத்த கிறிஸ் நோவின்ஸ்கியும் ஒரு காலத்தில் அதே ரிங்கில் விளையாடி, தலையில் அடிபட்டு விலகியவர்தான். பென்வா செய்ததற்கு இது ஒன்றுதான் காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது, அது நியாயமாகவும் ஆகாது. ஆனால் கயிற்றுக் கம்பத்து உச்சியில் இருந்து தலைகீழாகப் பாய்ந்து தலையால் முட்டுவதுதான் அவருடைய புகழ்பெற்ற அடி. அதற்காகத்தான் நாங்கள் கை தட்டினோம். எங்க பெரியப்பா மகன் அந்தக் கார்டில் பேனாவால் ஸ்டார் போட்டு வைச்சிருக்கார்.

கார்டில் இல்லாத ஒருவரையும் சொல்லணும். ஓவன் ஹார்ட். கனடாவில் பெரிய மல்யுத்தக் குடும்பத்துப் பிள்ளை. 1999 மே 23, அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்தில், அரங்கத்தின் கூரையில் இருந்து கயிற்றில் இறங்கி வருவது போல ஒரு வேடிக்கை ஏற்பாடு. மாட்டியிருந்த கொக்கி விடுபட்டு விழுந்து இறந்தார். நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. மிச்ச சண்டைகளும் நடந்தன. வீட்டில் மனைவி மார்த்தாவும் ரெண்டு சின்னக் குழந்தைகளும். மார்த்தா சும்மா விடவில்லை. வழக்குப் போட்டார். 2000-ல் ஒரு கோடியே எண்பது லட்சம் டாலருக்கு அது முடிந்தது. அதில் ஒரு பங்கை எடுத்துக் கணவர் பேரில் அறக்கட்டளை தொடங்கி, பிள்ளைகளின் படிப்புக்கும் வீடில்லாத குடும்பங்களுக்கும் உதவுகிறார். என் பார்வையில் அந்தச் சண்டைதான் நிஜ சண்டை.

இப்போ நம்ம காளி. நான் பதினோரு கார்டு கொடுத்து வாங்கிய காளி. நிஜப் பேர் தலீப் சிங் ராணா. இமாச்சலப் பிரதேசம் சிர்மௌர் மாவட்டத்தில் திராய்னா என்ற மலைக் கிராமம். ஏழைக் குடும்பம். கூலி வேலை செய்து, ஷிம்லாவில் காவலாளியாக நின்றவரை அந்த உயரத்தைப் பார்த்துத்தான் பஞ்சாப் போலீசில் சேர்த்துக்கொண்டார்கள். 2006-ல் வந்த வேகத்தில் அண்டர்டேக்கரையே வீழ்த்தினார், 2007-ல் உலக ஹெவிவெயிட் பெல்ட். எங்க ஊரில் அந்தப் பெல்ட்டைப் பனை மட்டையில் செய்து கட்டிக்கொண்டு திரிந்த பசங்க உண்டு. ஆனால் அந்த உயரம் வரம் இல்லை நண்பர்களே, நோய். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டி. 2012-ல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். எந்தக் கட்டத்தைச் சொல்லி நான் ஒவ்வொரு ஆட்டமும் ஜெயித்தேனோ, அது ஒரு மனுஷனின் வியாதி. பரண் மேல் உட்கார்ந்து அதை நினைத்தபோது என்னவோ போல் ஆகிவிட்டது.

"மூட்டைய இறக்கச் சொன்னா மேலேயே குடித்தனம் பண்றியா?" அம்மா குரல். இறங்கினேன்.

இன்னொரு விஷயம் படித்ததில் இருந்து என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அத்தனை கோடி புரளும் அந்த நிறுவனம் வீரர்களைத் தன் ஊழியர்கள் என்று சொல்வதில்லை. தனித்தனி ஒப்பந்தக்காரர்கள் என்கிறது. மருத்துவக் காப்பீட்டை அவர்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அடி பட்டதைச் சொன்னால் இடம் போய்விடுமோ என்று வலியை மறைத்துக்கொண்டு ஆடியவர்கள் நிறைய.

இதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அண்டர்டேக்கர் இல்லை. எங்க அப்பா.

எங்க மலையில் மழையை நம்பித்தான் சாமையும் கேழ்வரகும். அறுப்பு முடிந்தால் ஆம்பளைகள் பாதிப் பேர் கீழே இறங்கிவிடுவார்கள். திருப்பூர், பெங்களூரு, கேரளா. அப்பா போவது கேரளாவுக்குக் கட்டட வேலைக்கு. மேஸ்திரி போன் பண்ணுவார், அப்பா பையைத் தூக்குவார். எழுத்து இல்லை, காகிதம் இல்லை. பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வருவார். சின்ன வயதில் எனக்கு அப்பா என்றால் வருஷத்துக்கு மூணு தடவை வருகிற விருந்தாளி. வரும்போது எனக்குக் கார்டு பாக்கெட் வாங்கி வந்ததும் அவர்தான்.

போன தீபாவளிக்கு வந்தவர் திண்ணையில் உட்காரும்போது ஒரு கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்தார். அம்மா கேட்டதுக்கு "பஸ்ல வந்த அலுப்பு" என்றார். ராத்திரி தைலம் தேய்க்கும்போதுதான் அம்மா பார்த்தாள், முதுகில் கை அகலத்துக்குக் கன்றிப் போன தடம். சாரத்தில் இருந்து விழுந்து இருபது நாள் ஆகியிருந்தது. "சொன்னா மறுபடி கூப்பிட மாட்டாங்க" என்றார். ஆஸ்பத்திரிக்கும் அவர் காசுதான். எந்த மேஸ்திரி என்று இங்கே எழுதப் போவதில்லை, எழுதி ஆகப்போவதும் இல்லை.

இதெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கு. என் தங்கச்சி எட்டாவது படிக்கிறாள். பள்ளியில் பி.டி. டீச்சர் ஜூடோ சொல்லிக்கொடுக்க, இவள் தன் எடைப் பிரிவில் மாவட்டத்தில் முதலாவதாக வந்துவிட்டாள். விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் போகணும் என்கிறாள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்து விடுதியில் இடம் கிடைத்தால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். படிப்பும் தொடரும். விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்து வேண்டும். அப்பா போடவில்லை.

அம்மாவின் கேள்வி எல்லா ஊரிலும் கேட்கிற கேள்விதான். "கை கால் ஒடைஞ்சா நாளைக்கு எவன் கட்டிப்பான்?"

நான் மேரி கோம் கதையை எடுத்தேன். மணிப்பூரில் மலைக் கிராமம். அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் பாடுபட்டவர்கள், நம்மைப் போலக் காட்டைத் திருத்திப் பயிர் வைக்கிற சனம். குத்துச்சண்டைக்குப் போவதை வீட்டில் சொல்லவில்லை. 2000-ல் மாநிலப் போட்டியில் ஜெயித்துப் பேப்பரில் போட்டோ வந்தபோதுதான் அவங்க அப்பாவுக்கே தெரிந்தது. அவரும் இதே பயம்தான் பட்டார், முகத்தில் அடிபட்டால் கல்யாணம் எப்படி என்று. 2005-ல் கல்யாணம். 2007-ல் இரட்டைப் பையன்கள். 2008-ல் மறுபடி ரிங்குக்கு வந்து உலகப் பட்டம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம். 2013-ல் மூணாவது பையன். 2018-ல் டெல்லியில் ஆறாவது உலகப் பட்டம்.

"அதுவரைக்கும் புள்ளைங்கள யாரு பாத்துக்கினாங்க?" என்றாள் அம்மா. நல்ல கேள்வி! கணவர் ஓன்லர்தான் பெரும்பாலும் பார்த்துக்கொண்டார், அதனால்தான் முடிந்தது என்றேன். அவர்கள் 2023 டிசம்பரில் பிரிந்துவிட்டார்கள், 2025-ல் மேரி கோமே அதை அறிவித்தார் என்பதையும் சொன்னேன். ஜெயிக்க வேண்டுமே என்று கதையின் பாதியை மறைக்க எனக்கு மனசில்லை. அம்மா ஒண்ணும் சொல்லவில்லை. அடுப்பைத் தள்ளிவிட்டாள்.

அப்பா ரொம்ப நேரம் கழித்துப் பேசினார். "பொட்டப்புள்ளைன்னு நான் வேணாங்கல சாமி. உடம்ப வைச்சுப் பொழைக்கிற பொழப்பு என்னோட போகட்டும்னு பாக்கறேன். அது படிச்சு ஒரு நாற்காலியில ஒக்காரட்டும்."

எனக்குப் பதில் வரவில்லை. அரசு வேலையில் விளையாட்டுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அப்பா சொன்னதுக்கு அது பதில் இல்லை. எட்டி கெரேரோவும் காளியும் ஓவன் ஹார்ட்டும் உடம்பை வைத்துப் பிழைத்தவர்கள். நம் ஊர் மல்யுத்தத்திலும் அதே கதைதான். சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிக் கொடுத்தவர் மகாராஷ்டிரத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை கே.டி. ஜாதவ், 1952 ஹெல்சிங்கியில் மல்யுத்தத்தில் வெண்கலம். அவரை அனுப்ப அவர் படித்த கல்லூரியின் முதல்வர் தன் வீட்டை அடமானம் வைத்தார். பிறகு ஜாதவ் போலீசில் சேர்ந்து, பதவி உயர்வுக்குப் பல வருஷம் காத்திருந்து, 1984-ல் சாலை விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது வந்தது அதற்கும் பல வருஷம் கழித்து. யாரைக் காட்டி நான் அப்பாவிடம் வாதாட?

வாதாடியது தங்கச்சிதான். வாயால் இல்லை. "அப்பா, இங்க வாயேன்" என்று களத்துக்குக் கூட்டிப் போனாள். கேழ்வரகு அடிக்கிற களம். வைக்கோலைப் பரப்பினாள். "ஜூடோல மொதல்ல யாரையும் தூக்கிப் போடச் சொல்லித்தர மாட்டாங்கப்பா. மொதல்ல விழறதுக்குத்தான் சொல்லித்தருவாங்க. ரெண்டு மாசம் அது மட்டும்தான்." பின்னால் சாய்ந்து தொப்பென்று விழுந்தாள். அம்மா "ஐயோ" என்றாள். இவள் தாடையை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, ரெண்டு கையாலும் தரையை ஓங்கித் தட்டி, சிரித்துக்கொண்டே எழுந்தாள். மறுபடி பக்கவாட்டில் ஒரு தடவை. முன்னால் உருண்டு ஒரு தடவை. கையால் தரையைத் தட்டினால் விழுகிற வேகம் உடம்பு முழுக்கப் பரவிப் போய்விடும், தலைக்கு அடி வராது என்று டீச்சர் மாதிரி விளக்கினாள். "தலையில அடிபட்டா அன்னைக்கு ஆடவே விட மாட்டாங்க. நானும் ஆட மாட்டேன். சத்தியமா சொல்லிடுவேன்."

அப்பா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார், "இத எவனாவது எனக்குச் சொல்லித் தந்திருந்தா முதுகு தப்பிச்சிருக்கும்."

எல்லாரும் சிரித்துவிட்டோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கையெழுத்து உடனே விழவில்லை. அப்பா மூணு கேள்வியைச் சொல்லி அதை எழுதிக்கொள்ளச் சொன்னார். விடுதியில் அடிபட்டால் வைத்தியச் செலவு யாருது? விளையாட்டு வராமல் போனால் படிப்புக்கு எந்தப் பள்ளி? வாரத்தில் எத்தனை நாள் போன் பேச விடுவாங்க? நாளைக்கு நான் அரூர் போய் டீச்சரைப் பார்த்து இந்த மூணையும் கேட்டு வரணும். பதில் சரியாக இருந்தால் போடுகிறேன் என்றார். அப்பா கேரளாவுக்குப் போகும்போது மேஸ்திரியிடம் இந்த மூணில் ஒண்ணைக்கூடக் கேட்டதில்லை. கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதும் இல்லை. அடுத்த தடவை மேஸ்திரி போன் பண்ணும்போது முதல் கேள்வியையாவது கேட்கச் சொல்லியிருக்கேன். "பாக்கலாம்" என்றார். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பேர் பதிய என்னென்ன காகிதம் வேணும் என்றும் விசாரித்துக்கொண்டு வரப் போகிறேன். தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், உதவியாக இருக்கும்.

கார்டு டப்பாவைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டேன். அவள் காளியை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "அண்ணா, இவருக்குப் புள்ளைங்க இருக்கா?"

2014-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது என்றேன். இத்தனை வருஷம் விளையாடியும் எனக்குத் தோணாத கேள்வி அது.

சரி நண்பர்களே, அம்மா கூப்பிடறாங்க, இன்னும் ஒரு மூட்டை இறக்கணுமாம். அடுத்த பதிவில் சந்திப்போம்.